பேர் சேர்க்கிற வேலை

உபதேசியார் என்றால் பிரசங்கம் பண்ணுகிறவர் என்றுதான் வெளியில் நினைத்துக்கொள்கிறார்கள். நான் 1987-இல், 22 வயதில் இந்த வேலைக்கு வந்தேன். 2025 தொடக்கத்தில் ஓய்வு பெற்றேன். இந்த 38 வருஷத்தில் பிரசங்கம் பண்ணிய நேரத்தையும் பேர் எழுதிய நேரத்தையும் தனித்தனியாகக் கூட்டினால் பேர் எழுதிய நேரம்தான் கூடுதலாக வரும். ஞானஸ்நானப் பதிவேடு, திடப்படுத்தல் பதிவேடு, விவாகப் பதிவேடு, அடக்கப் பதிவேடு. இவை எல்லாவற்றுக்கும் தாயாக ஒரு குடும்பப் பதிவேடு. வீட்டுக்கு ஒரு பக்கம். மேலே குடும்பத் தலைவர், கீழே மனைவி, மக்கள். ஒவ்வொரு பேருக்கும் எதிரே நாலு தேதிக்கு இடம்: பிறந்தது, ஞானஸ்நானம் பெற்றது, திடப்படுத்தல் பெற்றது, கடைசியாக ‘நீக்கம்’. செத்தவர், வேறு சபைக்கு மாற்றலாகிப் போனவர், சந்தா கட்டாமல் கழிக்கப்பட்டவர், மூன்று பேருக்கும் அந்த ஒரே கட்டம்தான். இந்தப் படிவத்தைப் போட்டவர் யாரோ தெரியவில்லை, விவரமான ஆள்.

நான் இருந்ததெல்லாம் ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்துச் சின்னச் சின்ன சபைகள். தறி, கோழிப்பண்ணை, குச்சிக்கிழங்குக் காடு, ஜவ்வரிசி ஆலை, லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை, ரிக் வண்டி என்று சபையாரின் பிழைப்பு இவற்றுக்குள் அடங்கிவிடும். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஆறு பேர் கிறிஸ்தவர்கள். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் அது நூற்றுக்கு இரண்டைத் தொடாது. கன்னியாகுமரிப் பக்கம் ஒருவரைப் பார்த்து எந்தச் சபை என்று கேட்பது எந்தத் தெரு என்று கேட்பதுபோல. இங்கே ஊருக்கு ஏழு வீடு, பத்து வீடு. ஒரு பேர் கூடினாலும் ஊருக்குத் தெரியும், ஒரு பேர் குறைந்தாலும் தெரியும்.

ஆலயத்து இரும்புப் பெட்டியில் இருந்த பழைய பதிவேடுகளை வரிசையாக அடுக்கினால் எங்கள் கதை அட்டைகளிலேயே தெரிந்துவிடும். அடியில் இருப்பவற்றில் எல்.எம்.எஸ்., அதாவது லண்டன் மிஷன். ஹென்றி கிரிஸ்ப் என்பவர் 1827-இல் சேலத்தில் தொடங்கிய மிஷன் அது. அதற்கு மேல் 1908-இல் உண்டான எஸ்.ஐ.யூ.சி., அதாவது தென்னிந்திய ஐக்கிய சபை. அதற்கும் மேல் 1947 செப்டம்பர் 27-க்குப் பிறகான சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. 1950-இல் கோயம்புத்தூர்த் திருமண்டலம் பிரிந்தபோது நாங்கள் அதற்குள் வந்தோம். மூன்று அட்டைகள் மாறியும் உள்ளே அதே வீட்டுப் பேர்கள்தான், தாத்தா, அப்பா, மகன் என்று.

லண்டன் மிஷன்காரர்கள் தலை எண்ணுவதில் கறாரானவர்கள். அந்தக் காலத்து அறிக்கைகளில் ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு கணக்கு கொடுத்திருப்பார்கள். சபையின் அங்கத்தினர் இத்தனை பேர், சார்ந்திருப்போர் இத்தனை பேர். இரண்டாவது எண் எப்போதும் முதல் எண்ணைப்போல் பல மடங்கு இருக்கும். விக்கிரகத்தை விட்டாயிற்று, ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்கிறார், பிள்ளையை மிஷன் பள்ளிக்கு அனுப்புகிறார் என்றால் அவர் சார்ந்தவர். சபைக்கு முன்னால் நின்று சாட்சி சொல்லி, ஏற்கெனவே இருக்கும் அங்கத்தினர் ஒத்துக்கொண்டால்தான் சேர்ந்தவர். அதன் பிறகே திருவிருந்து, அதன் பிறகே சபைக் கூட்டத்தில் பேச்சு. பிஷப் வந்து தலையில் கை வைத்துத் திடப்படுத்துகிற முறை 1947-க்குப் பிறகு இங்கே பரவியபோது பழைய ஆட்கள் முணுமுணுத்தார்களாம். “நாங்க ஊரறிய நின்னு சாட்சி சொல்லிச் சேந்தவங்க, இப்ப கை வச்சாத்தான் சேருமாக்கும்?” என்று ஒரு பாட்டி கேட்டதை என் முதல் ஐயர் சொல்லிச் சிரிப்பார். (ஆயர், போதகர் என்று நோட்டீஸில் போட்டாலும் எங்கள் சனங்களுக்கு அவர் ஐயர்தான்.)

சேர்ந்தவர், சார்ந்தவர் என்ற இந்தப் பாகுபாடு படிவத்திலிருந்து எப்போதோ போய்விட்டது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே தெரிந்துகொண்டேன், நிஜத்தில் அது போகவில்லை. பேர் இருக்கிறது, ஆள் வருவதில்லை என்று ஒரு கூட்டம். ஆள் வருகிறது, பேர் இல்லை என்று இன்னொரு கூட்டம். இந்த இரண்டுக்கும் நடுவில் நடையாய் நடந்ததுதான் என் உத்தியோகம்.

முதல் கூட்டத்துக்குப் பேர் எதற்கு வேண்டும் என்றால் கல்யாணத்துக்கும் கல்லறைக்கும். 1872-ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டம் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. ஆலயத்தில் தாலி கட்டினால் அது சட்டப்படியான கல்யாணம், பதிவேட்டின் நகல் பதிவாளருக்குப் போகும். அதற்கு முன் மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். ஓலை வாசிக்க வேண்டுமானால் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஏதாவது ஒரு சபையில் பேர் இருந்தாக வேண்டும். ஐந்து வருஷம் ஆலயப் படி மிதிக்காத அப்பா, மகள் கல்யாணம் கூடினதும் காலையில் ஆறு மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கையில் வாழைப்பழம், பிஸ்கட் பொட்டலம். “வரோணும் வரோணும்னுதானுங் இருந்தேன், பொழப்பு அப்படிங் உபதேசியாரே.” பாக்கி சந்தாவைக் கட்டிவிடுவார். ரசீது எழுதும்போது வருஷத்தைத் தனித்தனியாக எழுதச் சொல்வார்கள், தவறாமல் கட்டி வந்ததுபோல் இருக்குமாம்.

சான்றிதழ்த் தேவை ஒரு காலத்தில் இதைவிட அதிகம். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தாலும் காட்டுக்குள் குடிசையில் பிறந்த பிள்ளையை யார் போய்ப் பதிந்தார்கள்? வயதுக்குச் சான்று என்று அவர்கள் வாழ்க்கையில் இருந்த ஒரே காகிதம் ஞானஸ்நானச் சீட்டு. கிறிஸ்தவர்களைப் பார்த்து அக்கம்பக்கத்தார் பொறாமைப்பட்ட ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும். தறிக்குப் போன கிழவர் ஒருவர் முதியோர் பென்ஷனுக்கு வயதுச் சான்று கேட்டு வந்தார். 1931-ஆம் வருஷத்துப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். பேனாவை மையில் தொட்டு எழுதிய கை. மை காய்ந்து காவி நிறமாகியிருந்தது. அவர் பேருக்கு எதிரே ‘தொழில்’ என்ற இடத்தில் அப்பாவின் வேலை, அதற்குப் பக்கத்தில் ‘குலம்’ என்று ஒரு கட்டம். யாரோ பின்னாளில் அந்தத் தலைப்பை மட்டும் கோடு போட்டு அடித்திருந்தார்கள். கீழே எழுதியிருந்தவற்றை அடிக்கவில்லை. கிழவர் கண்ணாடி இல்லாமல் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். “இதுல நானு எங்கங் சாமி இருக்கறேன்?” என்றார். விரலைப் பிடித்து அந்த எழுத்தின் மேல் வைத்தேன். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்கு அரசாங்கப் பிறப்புச் சான்றிதழ்தான் பிறந்த தேதிக்கு ஆதாரம் என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இனிமேல் யாரும் இப்படித் தடவிப் பார்க்க வரமாட்டார்கள்.

தேர்தல் வருஷம் வந்தால் வேறு வேடிக்கை. திடப்படுத்தல் பெற்றிருக்க வேண்டும், திருவிருந்தில் பங்கெடுத்திருக்க வேண்டும், சந்தா பாக்கி இருக்கக் கூடாது. அப்போதுதான் வாக்காளர் பட்டியலில் பேர் வரும். பட்டியல் ஒட்டுகிற வாரத்தில் ஒரே ஆள் பத்துக் குடும்பத்துச் சந்தாவை மொத்தமாகக் கொண்டுவந்து கட்டுவார். கட்டப்பட்ட பத்து வீட்டுக்காரர்களுக்கும் அது தெரியாது. கமிட்டி இடம் சிறியது, அதற்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூடமும் நிலமும் சிறியவை அல்ல. இதைப் பற்றி எழுதினால் கட்டுரை திசை மாறும்.

பட்டியலைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று ஒரு வருஷம் நானே ஒரு தப்புப் பண்ணினேன். எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம். மூன்று வருஷம் சந்தா கட்டாதவர் பேரை எடுத்துவிடச் சொல்லி கமிட்டித் தீர்மானம். சிவப்பு மை பேனா வாங்கிவந்து ஒரு சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து 31 பேர் அடித்தேன். அதில் ஒரு பையன் ரிக் வண்டிக்குப் போகிறவன். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஓடாத மாநிலம் இந்தியாவில் கிடையாது. போர்வெல் போடக் கிளம்பினால் ஆறு மாதம், எட்டு மாதம் சத்தீஸ்கரிலோ மத்தியப் பிரதேசத்திலோ வண்டியோடு வண்டியாகக் கிடப்பார்கள். ஊருக்கு வருவது மழை இறங்கினால்தான். அவனைத் திருவிருந்தில் பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ‘நீக்கம்’ என்ற கட்டத்தில் தேதியைப் போட்டேன்.

அடுத்த மாசி மாதம் அவன் பிரேதம் ஆம்புலன்ஸில் வந்தது. எங்கோ இரும்புக் குழாய் சரிந்து மேலே விழுந்ததாம். இரண்டு நாள் பயணம், ஐஸ் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். வண்டி ஆலய வாசலில் நிற்கிறது, கமிட்டியில் ஒருவர், எனக்கு நன்றாகத் தெரிந்தவர், என்னைத் தனியே கூப்பிட்டு, “பட்டியல்ல பேரில்லியே, கல்லறைத் தோட்டத்துல குழி எப்படி வெட்டறது? இன்னிக்கு இவனுக்குன்னா நாளைக்கு ஊரெல்லாம் கேக்கும்” என்றார். குத்தமாகச் சொல்லவில்லை. அடித்தது என் கை.

அவன் அம்மா அதுவரை ஆம்புலன்ஸிலிருந்து இறங்கவில்லை. யாரோ போய் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அந்தம்மா கீழே இறங்கி என் முன்னால் வந்து நின்று அழாமல் கேட்டது: “வாரா வாரம் ரெண்டு பிடி போட்டனுங்களே சாமி. ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவனுக்குன்னு சொல்லித்தானுங்களே போட்டேன். அதை எங்க எழுதினீங்?”

பிடியரிசி எங்கள் பக்கத்துப் பழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள், அதை ஏலம் விட்டு வரும் காசைக் காணிக்கையில் சேர்ப்போம். அதை நான் ‘பிடியரிசி, மொத்தம் இத்தனை படி’ என்று ஒரே வரியில் எழுதிப் பழகியிருந்தேன். யார் பேருக்கு எந்தப் பிடி என்று எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.

ஐயர் அதற்குள் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார், கமிட்டிக்காரர் முகத்தையும் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. “கடப்பாரையை எடு” என்றார். அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் குடும்பப் பதிவேட்டை எடுத்தேன். சிவப்பு மையில் அடித்ததை அழிக்க முடியாது, அழிக்கவும் கூடாது. அதே பக்கத்தின் அடியில் அவன் பேரைப் புதிதாக எழுதிச் சேர்த்த தேதியைப் போட்டேன். நீக்கத்துக்கும் அதே தேதி. 38 வருஷத்தில் ஒரே நாளில் சேர்ந்து ஒரே நாளில் போனதாக நான் எழுதிய பேர் அது ஒன்றுதான். அந்தச் சிவப்புப் பேனாவை அப்புறம் பள்ளிக்கூட டீச்சரிடம் கொடுத்துவிட்டேன்.

பேரைச் சேர்ப்பதில் எங்களைவிடக் கறாரானவர்கள் பக்கத்திலேயே உண்டு. நாமக்கல், சேந்தமங்கலம் பக்கம் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் வேரூன்றிய சபை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, புத்தி தெரிந்து விசுவாசித்து முழுகினவருக்கே அங்கத்துவம், அங்கத்தினருக்கே திருவிருந்து. பேரில் இருக்கும் ‘ஸ்டிரிக்ட்’ அந்தப் பந்திக் கட்டுப்பாட்டைச் சொல்வதுதான். என் மைத்துனர் அந்தச் சபை. கல்யாணப் பந்தியில் ஒரே இலை வரிசையில் உட்காருவோம், கர்த்தருடைய பந்தியில் நான் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். முதலில் கோபமாக இருந்தது. பிறகு ஒருநாள் அவர் சொன்னார், “மாப்ள, உங்க நோட்டுல பாதிப் பேரு தொட்டில்ல இருக்கும்போது எழுதினது. எங்குளுதுல அவனவன் நடந்து வந்து குடுத்த பேரு.” பதில் சொல்ல வரவில்லை.

அந்தச் சபையின் மிஷனரிதான் கொல்லிமலைக்குப் போன ஜெஸ்ஸி பிராண்ட். 1913-இல் மனைவி ஈவ்லினோடு மலையேறினார். மருந்து கொடுத்தார், மரவேலை சொல்லிக்கொடுத்தார், பள்ளி வைத்தார். பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பேர் வாங்கிய பால் பிராண்ட் 1914-இல் பிறந்து அந்த மலையில் வளர்ந்த அவர்கள் மகன். இத்தனைக்கும் முதல் சில வருஷங்களில் மலையில் ஒரு ஆள்கூடச் சேரவில்லை. மருந்துக்கு வருவார்கள், போவார்கள். உலகமெங்கும் விஷக்காய்ச்சல் பரவியபோது மலைப் பூசாரி சாகக் கிடந்தார். அதுவரை எதிர்த்து நின்றவர், தன் பிள்ளைகளை அந்தத் தம்பதியிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அதன் பிறகுதான் ஒவ்வொருவராக வந்தார்கள். ஜெஸ்ஸி 1929-இல் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் கிழவியாகி மலைகளிலேயே அலைந்து 1974-இல் இறந்தார். வருஷா வருஷம் ‘புதிதாகச் சேர்ந்தோர்: இல்லை’ என்று அறிக்கை எழுதுவது எப்படி இருக்கும் என்று என் தொழில்காரனுக்குத் தெரியும். மேலிடத்துக்குப் போகிற தாளில் சுழியம் போடும்போது பேனா கனக்கும்.

இப்போது வீட்டுக்கு வீடு ஜெபவீடு வந்துவிட்டது. காலையில் எங்களிடம் திருவிருந்து, சாயங்காலம் பெந்தெகோஸ்தே கூட்டம். அங்கே போய்க் காவிரியில் முழுகிவிட்டு வருவார்கள். ஞானஸ்நானம் ஒரு தரம்தான் என்பது எங்கள் சபைச் சட்டம். முழுகினவர் பேரை எடு என்று புகார் வரும். நான் முடிந்தவரை காது கேட்காதவன்போல் இருந்துவிடுவேன். பல ஜெபவீடுகளுக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. உயிரோடு இருக்கும்வரை அங்கே, அதற்குப் பிறகு இங்கே என்று சனங்கள் தெளிவாகத்தான் இருக்கிறார்கள். ரிக் வண்டிப் பையனுக்குப் பிறகு குழி விஷயத்தில் நான் யாரையும் கேள்வி கேட்டதில்லை.

இரண்டாவது கூட்டத்துக்கு வருகிறேன். ஆள் உண்டு, பேர் இல்லை.

கடைசித் தூணுக்குப் பக்கத்தில் சுவரோரமாக உட்காருகிற ஒரு பெண். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற வேலை. அறுப்பின் பண்டிகைக்கு ஒரு அட்டை முட்டை கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏலம் விடும்போது அங்கே இருக்காது. பதினாறு வருஷம் ஞாயிறு தவறவில்லை. முதல் வருஷமே என்னிடம் வந்து, “சந்தா வாங்கிக்கங்க, எம்பேர மட்டும் எதுலயும் எழுதிறாதீங். பையன் படிக்கறானுங்” என்றது. ரசீதில் ‘ஒரு சகோதரி’ என்று எழுதிக் கொடுத்தேன்.

விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. ஆதிதிராவிடர் ஒருவர் ஞானஸ்நானம் எடுத்தால் தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் ஆகிவிடுகிறார். பையனுக்கான பட்டியல் சாதி ஒதுக்கீடு, அடித்தால் வழக்குப் போட உதவும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எல்லாம் அதோடு போகும். தெருவில் யாரும் அவரை வேறு சாதியாகப் பார்க்கப் போவதில்லை. சட்டசபை 2023 ஏப்ரலில் இதை மாற்றச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதற்கு முந்தின வருஷமே ஒன்றிய அரசு நீதிபதி பாலகிருஷ்ணன் தலைமையில் ஒரு ஆணையம் அமைத்திருந்தது. 2021-இல் சென்னை உயர்நீதிமன்றம், கணவரோடு ஆலயத்துக்குப் போனார், சுவரில் சிலுவை மாட்டியிருக்கிறார் என்பதற்காக ஒரு மருத்துவரின் சாதிச் சான்றிதழை ரத்து செய்யக் கூடாது என்றது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்கும் போய்க்கொண்டு ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வதை ஏற்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் சாட்சியாக வந்து நின்றது ஒரு ஞானஸ்நானப் பதிவு. செய்தித்தாளில் அதைப் படித்த அன்று என் அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன்.

சேருகிறவன் எதை விட்டுவிட்டு வர வேண்டும் என்ற கேள்வி இந்தச் சமவெளிக்குப் புதிதல்ல. ஏசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி 1623-இல் மதுரையிலிருந்து கிளம்பிச் சேந்தமங்கலம் வழியாகச் சேலத்துக்கு வந்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொண்டே ஒருவன் கிறிஸ்தவனாக இருக்கலாம் என்று போப்பாண்டவர் அனுமதி கொடுத்ததும் அதே 1623-தான். குடுமிக்காரனுக்குக் குடுமியோடு சேர அன்றைக்கே வழி கிடைத்தது. கோழிப்பண்ணைப் பெண்ணுக்கு 400 வருஷம் கழித்தும் சாதிச் சான்றிதழோடு சேர வழியில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியா என்று ஐயர் கேட்டார். சரியில்லைதான், ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

அந்தப் பெண் ஒருத்தி மட்டுமல்ல. ஒவ்வொரு சபையிலும் தூணோரம் ஒரு வரிசை இருக்கிறது. யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சாவு, யார் பிள்ளைக்குப் பரீட்சை என்று ஜெபத்துக்குக் குறித்துவைக்க வேண்டுமே. அதற்காக 1990-களிலேயே ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொண்டேன். பென்சிலில்தான் எழுதுவேன். முழுப் பேர் எழுதமாட்டேன், ‘முட்டைக்காரம்மா’, ‘கிணத்துமேட்டு அண்ணன்’, ‘பெரிய தறி வீடு’ என்று. இரண்டு தீர்ந்து மூன்றாவது நோட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஓய்வு பெற்றபோது பொறுப்பை ஒப்படைக்க எனக்குப் பின் வந்த தம்பியோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். நல்ல பையன், டிப்ளமா படித்தவன், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றப்போகிறேன் என்றான். ஞானஸ்நானப் பதிவேடு ஆறு, விவாகப் பதிவேடு நாலு, அடக்கப் பதிவேடு மூன்று, குடும்பப் பதிவேடு ஐந்து, ரசீதுப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், இரும்புப் பெட்டிச் சாவி. ஒவ்வொன்றையும் எண்ணி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். நோட்டு மூன்றும் என் துணிப்பையில், மதியச் சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் இருந்தன.

“வேற ஏதாச்சும் இருக்குதுங்களாண்ணா?” என்றான்.

“இல்ல தம்பி, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.